தமிழ்த் திரைப்படத்தில் தலித் கதைகூறல்

தமிழ்த் திரைப்படத்தில் தலித் கதைகூறல் என்பது ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் வாழ்வை அவர்களது நோக்கிலிருந்து சொல்லும் தமிழ்த் திரைப்படங்களையும், அவற்றின் கதை சொல்லும் முறையையும் குறிக்கும். 2012 ஆம் ஆண்டில் வெளியான அட்டகத்தி திரைப்படத்திற்குப் பின்னர் இது தமிழ் வணிகத் திரைப்படத்தில் தனித்து அடையாளம் காணத்தக்க ஒரு போக்காக வளர்ந்தது. பா. ரஞ்சித், மாரி செல்வராஜ் ஆகிய இருவரும் இப்போக்கின் முதன்மையான இயக்குநர்களாகக் கருதப்படுகின்றனர். பாட்டு, நடனம், நகைச்சுவை, காதல், சண்டை, விளையாட்டுப் போட்டி என வெகுமக்கள் திரைப்படத்தின் கூறுகள் அனைத்தையும் கையாண்டுகொண்டே சாதியமைப்பின் மீதான விமர்சனத்தை முன்வைப்பது இதன் தனித்தன்மையாகும்.

சமூக விமர்சனமும் பொழுதுபோக்கும் ஒரே படத்தில் எவ்வாறு இணங்கி நிற்க முடியும் என்பது இப்போக்கைப் பற்றிய விவாதங்களின் மையக் கேள்வியாகும். விமர்சனம் மிகுந்தால் படம் பிரசாரம் என ஒதுக்கப்படுகிறது. பொழுதுபோக்கு மிகுந்தால் மக்களின் துயரம் விற்பனைப் பொருளாகிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு எழுகிறது. இதே கேள்வி ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினத்தவரது இலக்கியத்திலும் திரைப்படத்திலும் ஒரு நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

பெயரும் வரையறையும்

இத்திரைப்படங்களைக் குறிக்கத் தலித் திரைப்படம், சாதி எதிர்ப்புத் திரைப்படம் ஆகிய இரு சொற்களும் வழங்குகின்றன. முதற்சொல் படைப்பாளியின் சமூகப் பின்னணியையும் கதைமாந்தரின் நோக்கையும் முதன்மைப்படுத்துகிறது. இரண்டாவது சொல் படத்தின் கருத்து நிலையைக் குறிப்பதால் அதன் எல்லை சற்று விரிவானது. அசுரன் (2019), ஜெய் பீம் (2021) போன்ற படங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையிலேயே சேர்க்கப்படுகின்றன. ஒரு படத்தைத் "தலித் படம்" என்று பெயரிடுவது அதன் கலைத்தன்மையைப் பின்னுக்குத் தள்ளி, அதை ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியதாகச் சுருக்கிவிடும் என்ற கருத்தும் உண்டு. ஆதிக்கச் சாதியினரின் வாழ்வைச் சொன்ன படங்கள் சாதிப் பெயரால் வகைப்படுத்தப்படாமல் வெறுமனே "கிராமத்துப் படங்கள்" எனப்பட்டன என்பதை இக்கருத்துடையோர் சுட்டிக்காட்டுவர்.

பின்னணி

கூத்து மரபு

பொழுதுபோக்கின் ஊடே விமர்சனம் சொல்லும் முறை தமிழகத்திற்குப் புதியதன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களை ஒட்டி இரவு முழுவதும் நிகழ்த்தப்படும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்னும் பாத்திரம் இப்பணியைச் செய்கிறது. அரசனின் வருகையை அறிவிப்பது, கதையை விளக்குவது, பார்வையாளரைச் சிரிக்க வைப்பது ஆகியவை கட்டியங்காரனின் வேலைகள். பாரதக் கதைக்கு நடுவே உள்ளூர் நிலைமைகளையும் ஊர்ப் பெரியவர்களின் நடத்தையையும் கேலி செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. நேரடியாகச் சொன்னால் சண்டையாகிவிடும் செய்தியை வேடத்தில் இருப்பவன் சொல்லும்போது ஊர் சிரித்துக்கொண்டே கேட்கிறது. மெட்ராஸ் (2014) படத்தில் வரும் ஜானி என்னும் மனநிலை பிறழ்ந்த இளைஞனின் பாத்திரத்தை இம்மரபின் தொடர்ச்சியாகக் காணலாம்.

நந்தனார் முதல் கிந்தனார் வரை

தமிழ்த் திரைப்படத்தின் தொடக்க காலத்தில் ஒடுக்கப்பட்டோரின் கதை பெரும்பாலும் நந்தனாரின் கதையாகவே இருந்தது. கோபாலகிருஷ்ண பாரதி 19 ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இதற்கு அடிப்படையாக அமைந்தது. கே. பி. சுந்தராம்பாள் நந்தனார் வேடத்தில் நடித்த பக்த நந்தனார் 1935 இலும், எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த நந்தனார் 1942 இலும் வெளியாயின. இப்படங்களில் நந்தனார் பக்தியால் உயர்கிறார். தீக்குளித்துத் தூய்மை பெற்ற பின்னரே கோயிலுக்குள் நுழைகிறார். பார்வையாளரின் இரக்கத்தைப் பெறும் நாயகனாக இருந்தபோதும், அவரை விலக்கி வைத்த அமைப்பு கேள்விக்கு உள்ளாகவில்லை.

இக்கதையைத் தலைகீழாக்கியவர் என். எஸ். கிருஷ்ணன். சி. என். அண்ணாதுரை கதை வசனம் எழுதிய நல்லதம்பி (1949) திரைப்படத்தில் இடம்பெற்ற அவரது கிந்தனார் கதாகாலட்சேபம், நந்தனார் காலட்சேபத்தின் நகைச்சுவைப் போலியாகும். நந்தன் சிதம்பரம் செல்ல விரும்பினான். கிந்தன் நகரத்திற்குச் சென்று படிக்க விரும்புகிறான். பக்திக்குப் பதிலாகக் கல்வியே அவனை உயர்த்துகிறது. காலட்சேபம் என்னும் பழகிய இன்ப வடிவத்திற்குள் சாதி விமர்சனத்தை வைத்த முன்னோடி முயற்சி என இதனைக் கூறலாம். எனினும், வேலைக்காரி (1949), பராசக்தி (1952) முதலிய திராவிட இயக்கச் சார்புப் படங்களிலும் தலித் மக்களின் அன்றாட வாழ்வு கதையின் நடுவில் இடம்பெறவில்லை.

1990களின் படங்கள்

1990களில் தேவர் மகன் (1992), நாட்டாமை (1994) போன்ற படங்கள் பெருவெற்றி பெற்றன. ஊர்த் தலைவரின் நீதி, குடும்ப மானம், மீசை, அரிவாள் ஆகியவை இக்காலப் படங்களின் வழமையான அடையாளங்களாயின. ஒடுக்கப்பட்டோர் இவற்றில் பணியாளராகவும், நன்றியுள்ள துணைப் பாத்திரங்களாகவும், நகைச்சுவைக்கு இலக்காகவும் தோன்றினர். பொழுதுபோக்கு என்பது சார்பற்றது என்னும் எண்ணத்தை இப்படங்கள் கேள்விக்கு உள்ளாக்குகின்றன. யார் பாட்டுடன் அறிமுகமாகிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், யாருடைய கோபம் வீரமாகிறது என்பவை அனைத்தும் சமூகக் கருத்துகளே. பின்னர் வந்த தலித் இயக்குநர்கள் வணிகப் படத்தின் வடிவத்தைக் கைவிடாமல், அந்த வடிவத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பதை மாற்ற முயன்றதற்கு இதுவே காரணமாகும்.

இலக்கியத்தின் பங்கு

திரைப்படத்திற்கு முன்பே இலக்கியம் இப்பாதையில் சென்றது. பூமணியின் பிறகு (1979), வெக்கை (1982) ஆகிய புதினங்களும், ப. சிவகாமியின் பழையன கழிதலும் (1989) புதினமும் முன்னோடிகளாகும். 1991 இல் கொண்டாடப்பட்ட அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் இலக்கியம் ஓர் இயக்கமாக வலுப்பெற்றது. பாமாவின் கருக்கு 1992 இலும், இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994 இலும் வெளியாயின.

இவ்விலக்கியம் துயரத்தை மட்டும் எழுதவில்லை. பாமாவின் கிசும்புக்காரன் (1996) சிறுகதைத் தொகுப்பில் கேலியே எதிர்ப்பாகிறது. ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த ஒருவரை "ஐயா" என்று அழைக்காமல் "அண்ணாச்சி" என்று அழைப்பதே அத்தொகுப்பின் ஒரு கதையில் ஊர்ப் பிரச்சினையாகிறது. ராஜ் கௌதமனின் சிலுவைராஜ் சரித்திரம் (2002) தன்னையே எள்ளிக்கொள்ளும் நடையில் எழுதப்பட்டது. ஒடுக்கப்பட்டோரின் வாழ்வில் சிரிப்பும் உண்டு என்பதைச் சொல்வதே ஒரு விமர்சனமாக இருக்கக்கூடும் என்பதை இப்படைப்புகள் காட்டின.

வளர்ச்சி

அட்டகத்தியும் மெட்ராசும்

ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தைச் சேர்ந்தவரும் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்றவருமான பா. ரஞ்சித்தின் முதல் படம் அட்டகத்தி. சென்னைப் புறநகர்க் கிராமம் ஒன்றில் வாழும் இளைஞனின் தோல்வியுறும் காதல்களைப் பற்றிய நகைச்சுவைப் படம் இது. இதில் சாதிக் கொடுமைக் காட்சியோ அறிவுரையோ இல்லை. தலித் குடும்பத்தின் வீடு, உணவு, பேருந்துப் பயணம், கல்லூரி மாணவர்களின் வழித்தடச் சண்டைகள் ஆகியவை விளக்கமின்றி இயல்பாகக் காட்டப்படுகின்றன. வீட்டில் மாட்டுக்கறி உண்பது மற்ற உணவைப் போலவே கடந்து செல்கிறது. ஒரு தலித் இளைஞன் துன்பப்படுவதற்காக அன்றி, காதலித்து அசடு வழிவதற்காகவும் திரையில் தோன்றலாம் என்பதே இப்படம் செய்த மாற்றமாகும்.

கார்த்தி நடித்த மெட்ராஸ், வட சென்னைக் குடியிருப்பு ஒன்றின் சுவரைச் சுற்றி நிகழ்கிறது. அச்சுவரில் தம் தலைவரின் படம் இருக்க வேண்டும் என்பதற்காக அரசியல் பிரிவினர் மோதுகின்றனர். உயிரிழப்பவர்கள் குடியிருப்பின் இளைஞர்கள். காதல், நட்பு, பழிவாங்கல் என வணிகப் படத்தின் கட்டமைப்பு முழுமையாக இருக்க, பொதுவெளி யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி சுவர் என்னும் ஒரே பொருளில் அடங்கிவிடுகிறது. சாதியின் பெயர் வசனத்தில் உரத்துச் சொல்லப்படுவதில்லை. அன்றாடக் காட்சிகளின் பின்புலத்தில் அம்பேத்கர் படங்களும், நாயகன் கையில் தீண்டாத வசந்தம் புதினமும் இடம்பெறுகின்றன. அறிந்தவர் அறிந்துகொள்வர், அறியாதவருக்கும் கதை தடையின்றிச் செல்லும்.

கபாலியும் காலாவும்

ரஜினிகாந்த் நடித்த கபாலி (2016), காலா (2018) ஆகிய படங்கள் இப்போக்கைத் தமிழ்த் திரையுலகின் மிகப் பெரிய நட்சத்திரத்திடம் கொண்டு சென்றன. கபாலி, மலேசியத் தமிழரின் தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் பின்னணியாகக் கொண்ட குற்றக் கும்பல் கதை. பழைய படங்களில் அடியாளுக்கு வைக்கப்பட்ட "கபாலி" என்னும் பெயரையும், அந்த அடியாளின் தோற்றத்தையும் இப்படம் குறிப்பிட்டுக் கேலி செய்து, அதே பெயரை நாயகனுக்குச் சூட்டியது. நாயகன் கோட்டு அணிவதற்கான காரணம் அம்பேத்கரின் உடையோடு தொடர்புபடுத்தப்படுகிறது. நாயகனின் உடையலங்காரம் நட்சத்திரப் படத்தின் வழமையான கவர்ச்சி. அந்தக் கவர்ச்சியே இங்கு வரலாற்றுப் பாடமாகிறது. சிறையிலிருந்து வெளிவரும் முன் கபாலி படித்துக்கொண்டிருப்பது ஒய். பி. சத்தியநாராயணாவின் மை ஃபாதர் பாலையா என்னும் தலித் குடும்ப வரலாற்று நூலாகும்.

மும்பையின் தாராவியில் நிகழும் காலா, நிலவுரிமையைப் பற்றியது. வில்லன் வெள்ளை உடையிலும் நாயகன் கறுப்பு உடையிலும் தோன்றுகின்றனர். தூய்மைக்கும் அழுக்குக்கும் உரிய வண்ணங்களாகப் பழகிப்போன இரண்டும் இடம் மாறுகின்றன. வில்லன் வீட்டில் இராமாயணக் கதை சொல்லப்படுவதும் தாராவியில் தாக்குதல் நடைபெறுவதும் மாறி மாறிக் காட்டப்பட்டு, நாயகன் இராவணனின் இடத்தில் வைக்கப்படுகிறான். இறுதிக் காட்சி கறுப்பு, சிவப்பு, நீல வண்ணப் பொடிகளின் கொண்டாட்டமாக அமைந்தது.

பரியேறும் பெருமாள்

பா. ரஞ்சித்தின் நீலம் புரொடக்சன்ஸ் தயாரித்து, மாரி செல்வராஜ் இயக்கிய பரியேறும் பெருமாள் செப்டம்பர் 28, 2018 அன்று வெளியானது. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் பயிலும் பரியனுக்கும் உடன் பயிலும் ஜோ என்னும் பெண்ணுக்கும் இடையிலான அன்பையும், அதனால் அவன் எதிர்கொள்ளும் அவமானங்களையும் படம் சொல்கிறது. பெரும் நட்சத்திரம் எவரும் இல்லாத இப்படம் பரவலான வரவேற்பைப் பெற்றது.

படத்தின் முற்பகுதியில் ஆங்கிலம் புரியாத மாணவனின் நிலை நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. யோகி பாபு நடித்த ஆனந்த் என்னும் நண்பன் பாத்திரம் அதற்குத் துணை செய்கிறது. சிரிப்பின் ஊடாகவே கல்வி நிறுவனம் யாரை வெளியே நிறுத்துகிறது என்பது பார்வையாளருக்குப் புலப்படுகிறது. பரியனின் தந்தை பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர். நெல்லை தங்கராஜ் என்னும் நாட்டுப்புறக் கலைஞரே இப்பாத்திரத்தில் நடித்தார். ஊரை மகிழ்விக்கும் அவரது உடல் தெருவில் ஆடை களையப்பட்டு அவமதிக்கப்படும் காட்சி, பொழுதுபோக்குக் கலையை விரும்பும் சமூகம் கலைஞனை எங்கு வைத்திருக்கிறது என்ற கேள்வியை எழுப்புகிறது.

இறுதியில் பழிவாங்கல் இல்லை. பரியன் பெண்ணின் தந்தையிடம் பேசுகிறான். பின்னர் மேசையில் இருக்கும் இரண்டு தேநீர்க் குவளைகளையும் இடையில் ஒரு பூவையும் காட்டிப் படம் முடிகிறது. தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையை அறிந்த தமிழ்ப் பார்வையாளருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிற்காலப் படங்கள்

2019 முதல் இப்போக்கு பல வகைகளாக விரிந்தது. வெற்றிமாறனின் அசுரன், பூமணியின் வெக்கை புதினத்தைத் தழுவியது. தந்தையும் மகனும் தலைமறைவாக அலையும் நாட்களைச் சொல்லும் புதினத்துடன், 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி நிகழ்வை நினைவூட்டும் ஒரு முன்கதையும் சேர்க்கப்பட்டது. இப்படம் சிறந்த தமிழ்த் திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. தனுஷ் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார்.

மாரி செல்வராஜின் கர்ணன் (2021), 1995 இல் கொடியன்குளத்தில் நிகழ்ந்த காவல்துறை வன்முறையை நினைவுபடுத்தும் கதையாகும். பேருந்து நிற்காத ஊர் என்னும் எளிய குறையிலிருந்து கதை வளர்கிறது. அதே ஆண்டில் வெளியான பா. ரஞ்சித்தின் சார்பட்டா பரம்பரை 1970களின் வட சென்னைக் குத்துச்சண்டை உலகைக் காட்டியது. த. செ. ஞானவேலின் ஜெய் பீம், இருளர் பழங்குடியினர் மீதான காவல் சித்திரவதை வழக்கொன்றை அடிப்படையாகக் கொண்டது. மாமன்னன் (2023), வாழை (2024), தங்கலான் (2024), பைசன் (2025) ஆகியவை இவ்வரிசையில் தொடர்ந்து வந்த படங்களாகும்.

கதை சொல்லும் உத்திகள்

பொருள்களும் விலங்குகளும்

விமர்சனத்தை வசனத்திலிருந்து பொருளுக்கு மாற்றுவது இப்படங்களின் பொதுவான உத்தியாகும். மெட்ராசில் சுவர், அசுரனில் செருப்பு, கர்ணனில் பேருந்து, மாமன்னனில் நாற்காலி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். மாமன்னனில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் கட்சித் தலைவர் வீட்டில் அமராமல் நிற்கும் தந்தையை மகன் அமரச் சொல்லும் இடம் சண்டைக் காட்சிக்குரிய பரபரப்புடன் எடுக்கப்பட்டுள்ளது. ஒருவர் நாற்காலியில் அமர்வதே கதையின் உச்சமாகிறது.

மாரி செல்வராஜின் படங்களில் விலங்குகள் முக்கிய இடம் பெறுகின்றன. பரியேறும் பெருமாளில் கறுப்பி என்னும் நாய் கொல்லப்படுகிறது. கர்ணனில் முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை ஊரின் நிலையைக் குறிக்கிறது. மாமன்னனில் நாயகன் பன்றி வளர்க்கிறான்; வில்லன் பந்தய நாய்களை வளர்க்கிறான். சாதியைப் பற்றிய நேரடி வாதத்திற்குத் தயாராக இல்லாத பார்வையாளரும் ஒரு விலங்கின் துன்பத்திற்கு இரங்குவார் என்பதால் இவ்வுத்தி பலனளிக்கிறது.

விளையாட்டு

போட்டிக் கதைகள் பார்வையாளரை எளிதில் ஒரு பக்கம் சேர்த்துவிடும் தன்மை கொண்டவை. சார்பட்டா பரம்பரையில் சார்பட்டா, இடியாப்பப் பரம்பரைகளுக்கு இடையிலான குத்துச்சண்டைப் போட்டி, யார் வளையத்திற்குள் ஏறத் தகுதியுடையவர் என்ற கேள்வியாக மாறுகிறது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட செய்தி ஒரு போட்டியின் நடுவே வந்து சேர்கிறது. வரலாறு இங்கு முன்னுரையாகச் சொல்லப்படாமல், வெற்றிக்கு ஒரு நொடி முன்பு போட்டியைக் கலைக்கும் இடையூறாக வருகிறது. அரக்கோணத்தில் நிகழும் புளூ ஸ்டார் (2024) துடுப்பாட்டத்தையும், பைசன் சடுகுடு ஆட்டத்தையும் இதே முறையில் கையாண்டன.

இசை

வட சென்னையின் கானா பாடல்கள் அட்டகத்தியிலும் மெட்ராசிலும் இடம்பெற்றன. சாவு வீடுகளில் பாடப்பட்டு வந்த கானாவில் இழப்பும் கேலியும் ஒன்றாகவே இருக்கும். மெட்ராசில் நண்பனின் மரணத்திற்கு கானா பாலா பாடும் பாடல் இம்மரபைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, கானாவுடன் ராப், ராக் இசைகளைச் சேர்த்தது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதி பேதமற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து இக்குழுவின் பெயர் பெறப்பட்டது.

விமர்சனங்களும் விவாதங்களும்

நட்சத்திர நாயகன்

கபாலி, காலா ஆகியவை வெளியானபோது, ஒரு சமூகத்தின் கூட்டுப் போராட்டம் ஒரே நாயகனின் வீரமாகச் சுருங்கிவிடுகிறது என்ற விமர்சனம் எழுந்தது. நட்சத்திரத்தின் ரசிகர்கள் வழமையான படத்தையே எதிர்பார்த்தனர். அரசியல் பார்வையாளர்கள் நட்சத்திரத்தின் திரைக்கு வெளியிலான நிலைப்பாடுகளைக் கேள்விக்கு உள்ளாக்கினர். ஜெய் பீம் படத்தில் பழங்குடிப் பெண்ணின் போராட்டத்தைவிட வழக்கறிஞரின் பாத்திரம் மேலோங்கி நிற்கிறது என்றும் கூறப்பட்டது. மறுபுறத்தில், நட்சத்திரம் இல்லையெனில் இக்கதைகள் சிறு அரங்குகளோடு நின்றிருக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதமாகும்.

வன்முறையைக் காட்டுதல்

தலித் உடல் மீதான வன்முறையை விரிவாகக் காட்டுவது விழிப்புணர்வை உண்டாக்குமா அல்லது மீண்டும் அவமதிக்குமா என்பது மற்றொரு விவாதம். அட்டகத்தி, புளூ ஸ்டார் போன்றவை கொண்டாட்டத்தை முன்னிறுத்தும் படங்கள். ஜெய் பீம் சித்திரவதையை நீண்ட காட்சிகளாகக் காட்டியது. வாழை இரண்டையும் சேர்த்தது. ரஜினி, கமல் ரசிகர்களான இரு சிறுவர்களின் சண்டையும், ஆசிரியை மீதான ஒரு சிறுவனின் பாசமும் படத்தின் பெரும்பகுதியாக அமைய, 1999 இல் வாழைத்தார் ஏற்றிய லாரி கவிழ்ந்து தொழிலாளர்கள் இறந்த நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட இறுதிப் பகுதி வருகிறது. சிறுவர்களோடு சிரித்துப் பழகிவிட்டதால், இறந்தவர்கள் பார்வையாளருக்கு வெறும் எண்ணிக்கையாக இருப்பதில்லை.

கொண்டாடப்பட்ட வில்லன்

மாமன்னன் படத்திற்கு நேர்ந்தது இவ்விவாதத்தின் கூர்மையான எடுத்துக்காட்டாகும். பகத் பாசில் நடித்த இரத்தினவேல் பாத்திரம் சாதி ஆணவத்தின் உருவமாக எழுதப்பட்டது. 2023 ஜூலையில் படம் இணையத்தில் வெளியான பின்னர், அப்பாத்திரத்தின் காட்சிகளைச் சாதிப் பெருமைப் பாடல்களுடன் இணைத்துப் பலர் சமூக ஊடகங்களில் பரப்பினர். தேவர் மகனில் வடிவேலு ஏற்ற இசக்கி பாத்திரத்திற்கு ஒரு மறுமொழியாகவே இயக்குநர் மாமன்னன் பாத்திரத்தை உருவாக்கியிருந்தார். ஆனால் திறமையான நடிப்பு, நடை, உடை, பின்னணி இசை ஆகிய பொழுதுபோக்குக் கூறுகள் வில்லனுக்கும் அதே அளவு கிடைத்தபோது, அவை கதையிலிருந்து பிரிந்து எதிர்ப்பொருளில் வாழத் தொடங்கின. விமர்சனத்தைச் சுமந்து செல்லும் அதே வாகனம் அதற்கு எதிரான சரக்கையும் சுமக்கும் என்பதை இது காட்டியது.

பெண் பாத்திரங்கள்

தொடக்க காலப் படங்கள் ஆண் நாயகனையே மையமாகக் கொண்டவை என்ற விமர்சனம் உண்டு. பரியேறும் பெருமாளின் ஜோ, தன்னைச் சுற்றி நிகழும் வன்முறையை அறியாதவளாகவே இறுதிவரை இருக்கிறாள். காலாவின் புயல், சார்பட்டா பரம்பரையின் மாரியம்மா ஆகியோர் வலுவான துணைப் பாத்திரங்கள். நட்சத்திரம் நகர்கிறது (2022) படத்தில் ரெனே என்னும் தலித் பெண்ணே மையப் பாத்திரமானார். காதலையும் ஆணவக் கொலையையும் பற்றி நாடகக் குழு ஒன்று விவாதிப்பதாக அமைந்த இப்படம், பா. ரஞ்சித்தின் மற்றப் படங்களைவிட வெளிப்படையான விவாதத்தன்மை கொண்டது.

எதிர்ப்புகள்

இப்படங்கள் சிலவற்றுக்கு வெளியீட்டின்போது எதிர்ப்பும் எழுந்தது. ஜெய் பீம் படத்தில் காவல் அதிகாரியின் வீட்டில் காட்டப்பட்ட நாட்காட்டியின் சின்னம் வன்னியர் சமூகத்தைக் குறிப்பதாக எதிர்ப்புக் கிளம்பியதைத் தொடர்ந்து அக்காட்சி மாற்றப்பட்டது. கர்ணன் படத்தில் கதை நிகழும் ஆண்டாக முதலில் காட்டப்பட்டது, நிகழ்வு நடந்த ஆட்சிக் காலத்தோடு பொருந்தவில்லை என்ற முறையீட்டின் பின்னர் பொதுவான காலக் குறிப்பாக மாற்றப்பட்டது.

பிற நாடுகளுடனும் மொழிகளுடனும் ஒப்பீடு

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1926 இல் எழுதிய கட்டுரையில், கலை அனைத்தும் பிரசாரமே எனவும் அவ்வாறே இருத்தல் வேண்டும் எனவும் வாதிட்டார். 1928 இல் அலேன் லாக் இதனை மறுத்தார். பிரசாரம் ஒடுக்குபவரை நோக்கியே பேசிக்கொண்டிருப்பதால், தன் மக்களின் வாழ்வைத் தன்னளவில் சொல்லும் ஆற்றலை இழக்கிறது என்பது அவரது கருத்தின் சாரமாகும். தமிழில், அட்டகத்தியை லாக்கின் பக்கமும் காலாவை டு பாய்சின் பக்கமும் வைத்துப் பார்க்கலாம்.

இரு மக்களின் போராட்டங்களுக்கும் வரலாற்றுத் தொடர்பும் உண்டு. 1946 இல் அம்பேத்கர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972 இல் மும்பையில் தொடங்கப்பட்ட தலித் பேந்தர் இயக்கம், அமெரிக்காவின் பிளாக் பேந்தர் கட்சியின் பெயரைத் தழுவியது.

திரைப்படத்தில், 1971 இல் மெல்வின் வான் பீபிள்சின் படமும் சாஃப்ட் திரைப்படமும் வெற்றி பெற்ற பின்னர், கறுப்பின நாயகர்களைக் கொண்ட அதிரடிப் படங்கள் ஹாலிவுட்டில் பெருகின. கறுப்பினப் பார்வையாளர் தம் நாயகரைத் திரையில் கண்டனர்; அதே நேரத்தில் குற்றவாளி என்னும் பழைய உருவமே மீண்டும் விற்கப்படுகிறது என்ற கண்டனமும் எழுந்தது. ஸ்பைக் லீயின் டூ த ரைட் திங் (1989) படத்தில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலுள்ள உணவகத்தின் சுவரில் கறுப்பினத்தவர் படம் ஏன் இல்லை என்ற கேள்வியே கலவரத்தின் தொடக்கமாகிறது. மெட்ராஸ் படத்தின் சுவருடன் இது ஒப்பிடத்தக்கது. ஜோர்டன் பீலின் கெட் அவுட் (2017) இனவாதத்தைத் திகில் படத்தின் வடிவத்தில் சொல்லி, சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

இந்தியாவில் மராத்தி இயக்குநர் நாகராஜ் மஞ்சுளேயின் பணி தமிழ்ப் படங்களுக்கு இணையானது. பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவனைப் பற்றிய அவரது ஃபன்றி (2013), சிறுவன் எறியும் கல் பார்வையாளரை நோக்கி வருவதுடன் முடிகிறது. சாய்ராட் (2016) முதற்பாதியில் துள்ளலான பாடல்கள் கொண்ட காதல் படமாகச் சென்று, இசையற்ற அமைதியில் ஆணவக் கொலையைக் காட்டி முடிகிறது. மராத்தித் திரையுலகில் அதுவரை காணாத வசூலை இப்படம் பெற்றது. பாடல்களுக்காகத் திரையரங்கு சென்ற பார்வையாளரையும் அந்த அமைதி வந்தடைந்தது.

குறிப்பிடத்தக்க திரைப்படங்கள்

அட்டகத்தி (2012), பா. ரஞ்சித் – காதல் நகைச்சுவை
மெட்ராஸ் (2014), பா. ரஞ்சித் – அரசியல் அதிரடி
கபாலி (2016), பா. ரஞ்சித் – குற்றக் கும்பல் கதை
காலா (2018), பா. ரஞ்சித் – நிலவுரிமை, அதிரடி
பரியேறும் பெருமாள் (2018), மாரி செல்வராஜ் – கல்லூரிக் கதை
அசுரன் (2019), வெற்றிமாறன் – பழிவாங்கல் கதை
கர்ணன் (2021), மாரி செல்வராஜ் – ஊர்ப் போராட்டம்
சார்பட்டா பரம்பரை (2021), பா. ரஞ்சித் – குத்துச்சண்டை
ஜெய் பீம் (2021), த. செ. ஞானவேல் – நீதிமன்றக் கதை
நட்சத்திரம் நகர்கிறது (2022), பா. ரஞ்சித் – காதல், நாடகக் குழு
மாமன்னன் (2023), மாரி செல்வராஜ் – அரசியல்
புளூ ஸ்டார் (2024), எஸ். ஜெயக்குமார் – துடுப்பாட்டம்
வாழை (2024), மாரி செல்வராஜ் – சிறுவர் வாழ்வு
தங்கலான் (2024), பா. ரஞ்சித் – வரலாற்றுப் புனைவு
பைசன் (2025), மாரி செல்வராஜ் – சடுகுடு

இவற்றையும் பார்க்க

தலித் இலக்கியம்
தெருக்கூத்து
கட்டியங்காரன்
கானா பாடல்
அயோத்திதாசப் பண்டிதர்
கீழ்வெண்மணி